மொய் நோட்டும் ஆராய்ச்சிப் பணமும்

(சங்கரன்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'திருமணமும் குடும்பமும்' என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, அதற்குள் எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று அமைப்பாளர்கள் விட்டுவிட்டார்கள். இந்தத் தலைப்பில் பட்டிமன்றம் நடத்த நம் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் பேச வந்தது வேறு சங்கதி. குடும்பத்தை ஆராய்வதற்கு இதுவரை யார் பணம் கொடுத்தார்கள், இனி யாரிடம் கேட்கலாம், கொடுப்பவர் மாறினால் கேள்வி எப்படி மாறுகிறது என்பதுதான். அறக்கட்டளை மேடையில் பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை.

முதலில் இந்த ஊர்ச் சாமியைக் கும்பிட்டுக்கொள்வோம். சங்கரநாராயணர் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். அந்தக் கோலத்தைக் காணத்தான் கோமதி அம்மன் தபசு இருந்தாள் என்பது ஆடித் தபசுக்கு வந்து போகிற குழந்தைக்கும் தெரியும். சைவ வைணவ ஒற்றுமை என்று நாமும் சொல்லிவிட்டுப் போகிறோம். உறவுமுறை படிக்கிறவன் கண்ணுக்கு இன்னொன்றும் படும். அம்மனுக்குத் திருமால் அண்ணன், சிவன் கணவன். ஆக, ஓர் உடம்பில் பாதி மாப்பிள்ளை, பாதி மச்சான். பெண் கொடுத்தவனும் எடுத்தவனும் ஒரே கருவறையில் நிற்கிறார்கள். லூயி துய்மோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1949, 50 ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் கிராமங்களில் தங்கி ஆராய்ந்தார். தென்னிந்தியாவில் மாமன் மச்சான் உறவு ஒரு கல்யாணத்தோடு முளைத்து அதோடு முடிவதில்லை; பங்காளி உறவைப் போலவே தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது என்பது அவர் கண்டு சொன்னது. அப்பாவின் மச்சான் எனக்குத் தாய்மாமன், அவர் மகன் எனக்கு மச்சான். அதை அவர் எழுதியபோது உலக மானிடவியலில் பெரிய விவாதமே கிளம்பியது. நம் ஊர்க் கல்தச்சன் அதை முன்பே செதுக்கி வைத்திருக்கிறான் என்று நான் சொன்னால் அது கொஞ்சம் அதிகப்படிதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

துய்மோனுக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் உறவுமுறை ஒரு தாளில் ஏறிக் கப்பலில் அமெரிக்கா போய்விட்டது. அனுப்பச் சொல்லிக் கேட்டவர் லூயிஸ் ஹென்றி மார்கன், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரின் வழக்கறிஞர். அங்குள்ள செனகா பழங்குடியினர் அப்பாவின் உடன்பிறந்தானையும் அப்பா என்றே அழைப்பதைக் கேட்ட அவருக்கு, உலகத்தில் வேறு எங்கே இப்படி என்று தெரிந்துகொள்ள ஆசை. இருநூறுக்கு மேற்பட்ட உறவுகளைக் கேட்கும் ஒரு படிவத்தை அச்சடித்தார். ஆற்காடு மிஷனின் ஸ்கட்டர் குடும்பத்தார் வழியாகத் தமிழ், தெலுங்கு விடைகள் கிடைத்தன. பெரியப்பாவும் சித்தப்பாவும் அப்பா வரிசை, அத்தை வீட்டுக்காரர் மாமா வரிசை. செனகா முறையும் தமிழ் முறையும் இவ்வளவு தூரம் ஒத்துப்போவதைக் கண்டு அவர் திகைத்துப் போனார். ஆசியாவிலிருந்து போனவர்களே அமெரிக்கப் பழங்குடிகள் என்பதற்கு இதையே சாட்சியாக வைத்தார். அந்த வாதம் நிற்கவில்லை. திரட்டிய அட்டவணைகள் நின்றன. 1871-ல் அவை தடித்த நூலாக வந்தன.

அந்தப் படிவங்களை நாடு நாடாக அனுப்ப உதவியதும் நூலை அச்சிட்டதும் ஸ்மித்சோனியன் நிறுவனம். அதன் முதல் எங்கிருந்து வந்தது என்பது இன்றைய தலைப்புக்குள்ளேயே அடங்குகிற கதை. ஜேம்ஸ் ஸ்மித்சன் இங்கிலாந்தின் ஒரு பிரபுவுக்கு முறைப்படி மணக்காத பெண்ணிடம் பிறந்த பிள்ளை. தகப்பனின் பட்டமும் இல்லை, சொத்தும் இல்லை. தாய் வழியில் வந்ததை வைத்து வேதியியல் படித்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் சொத்து தம்பி மகனுக்குப் போகட்டும், அவன் வாரிசில்லாமல் இறந்தால் அறிவை வளர்க்க அமெரிக்காவுக்குப் போகட்டும் என்று உயில் எழுதி 1829-ல் இறந்தார். அந்தப் பையனும் 1835-ல் பிள்ளையில்லாமல் போய்ச்சேர்ந்தான். ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலர், தங்க நாணயமாகக் கடல் கடந்தது. 1846-ல் நிறுவனம் பிறந்தது. ஸ்மித்சன் உயிரோடு இருந்தவரை அமெரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. குடும்பச் சட்டம் வெளியே நிறுத்திய ஒருவருடைய பணத்தில்தான் நம் மாமனும் அத்தையும் முதன்முதலாக உலக அறிவியலுக்குள் போனார்கள். உயில் எழுத நினைத்திருக்கிறவர்கள் யாராவது இந்த அரங்கில் இருந்தால் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

நமக்கு இன்னும் பக்கத்தில் வருவோம். கோவில்பட்டி வட்டாரத்துத் தெற்கு வண்டானத்தில் 1970-களின் நடுவில் ஆந்தனி குட் என்ற ஆங்கிலேயர் வந்து தங்கினார். பின்னாளில் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர். கொண்டையங்கோட்டை மறவரின் மண முறை பற்றி 1981-ல் அவர் எழுதிய கட்டுரையை மானிடவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அதில் அவர் மூன்றைத் தனித்தனியாகப் பிரித்தார். உறவுச் சொற்களின்படி யார் யாருக்கு முறை என்பது ஒன்று; யாரைக் கட்டுவது நல்லது என்று வாயால் சொல்வது இன்னொன்று; கடைசியில் யாரைக் கட்டினார்கள் என்பது மூன்றாவது. மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று புத்தகம் பார்த்து எழுதியவர்கள் நினைத்திருந்தார்கள். ஊரில் உட்கார்ந்து வம்சாவளி எழுதினால்தான் விலகல் தெரியும். பெண் பூப்பெய்திய சடங்கில் இன்னொரு முறைப்பெண் மாப்பிள்ளையாக நிற்கும் வழக்கத்தை வைத்து 1991-ல் ஒரு நூலே எழுதினார். கழுகுமலைக் கோயிலைப் பற்றியும் அவருக்குத் தனி நூல் உண்டு. இவையெல்லாம் ஆங்கிலத்தில், நம் கல்லூரி நூலகங்களால் வாங்க முடியாத விலையில் இருக்கின்றன. எந்த ஊரின் சடங்கோ அந்த ஊர்ப் பிள்ளை அதைப் படிக்க வழியில்லை.

இதற்காக வெள்ளைக்காரரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் மொழி கற்று, ஊர்ச் சோறு தின்று, மாதக்கணக்காக உட்கார்ந்தார்கள். அவர்களுக்குச் சம்பளமோ உதவித்தொகையோ வந்துகொண்டிருந்ததால் உட்கார முடிந்தது. நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே பேராசிரியர் நா. வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார். மாதக் கூட்டத்தில் கட்டுரை வாசிப்பார்கள், கிழித்து எடுப்பார்கள், தேறியது 'ஆராய்ச்சி' இதழில் வரும். அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதை ஒரு கல்யாணக் கதை. பிராமணன் ஒருவன் சக்கிலியர் குலத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, மாமனார் சொன்னபடி பூணூலைக் கழற்றிச் செருப்புத் தைத்து, மாடு காக்கப் போய் உயிரை விடுகிறான். சொரிமுத்தையனார் கோயிலில் இன்றும் அவனுக்குப் பூசை நடக்கிறது. அந்தப் பெண்களே பிறப்பால் பிராமணர்தான் என்று சொல்லும் வடிவமும் உண்டு. ஒரு கல்யாணத்தைச் சமூகம் எப்படித் தாங்கமுடியாமல் தாங்கிக்கொள்கிறது என்பதற்கு அந்த ஒட்டு வேலையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. குழுவில் இருந்த யாருக்கும் அதற்கென்று உதவித்தொகை கிடையாது. அது பெருமைதான். ஆனால் பெருமையை ஒரு திட்டமாக நம்ப முடியாது. சம்பளம் வாங்கும் ஆண்களுக்கு மாலை நேரம் இருந்தது. வீட்டில் உலை வைத்த பெண்களுக்கு இருந்திருக்காது.

பணம் கொடுப்பவர் மாறினால் கேள்வி மாறும் என்றேன். 1992–93-ல் தொடங்கிய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மும்பையின் மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் நடத்துவது. நீண்ட காலம் அமெரிக்க அரசின் யுஎஸ்எய்டு பெரும்பங்கு பணம் கொடுத்தது. பணம் வந்த காரணம் மக்கள்தொகைக் கட்டுப்பாடு. ஆகவே எத்தனை பிள்ளை, எந்தக் கருத்தடை, எந்த வயதில் கல்யாணம் என்று கேள்விகள் நுணுக்கமாக இருக்கும். தமிழ்நாட்டில் நான்கு திருமணங்களில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள் நடக்கிறது, இந்தியாவிலேயே இங்குதான் அதிகம் என்று நமக்குத் தெரிவது அந்தக் கணக்கெடுப்பால்தான். அது பெரிய கொடை. ஆனால் அக்காள் மகளைக் கட்டிய மாமனுக்குப் பெண் வீட்டார் நகை குறைத்துப் போட்டார்களா, அத்தையே மாமியாராக வந்தால் மருமகளுக்கு நிம்மதியா நெருக்கடியா என்று அந்தப் படிவம் கேட்காது. அதற்குப் பணம் வரவில்லை. இத்தகைய கணக்கெடுப்புகளை உலகம் முழுதும் தாங்கிய அமெரிக்கத் திட்டம் 2025 தொடக்கத்தில் ஒரே உத்தரவில் நின்றுபோனது. வெளிப்பணத்தில் நிற்கும் அறிவு எவ்வளவு நிலையற்றது என்பதைப் பார்த்துவிட்டோம்.

சரி, இன்று ஒரு மாணவி எங்கே விண்ணப்பிக்கலாம்? பலரும் செய்யும் தவறு, 'திருமண ஆராய்ச்சிக்கு உதவித்தொகை' என்று தேடுவது. அந்தப் பெயரில் ஒன்றும் கிடைக்காது. பாடத்தின் வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் சமூகவியல், மானிடவியல், பெண்ணியல், மக்கள்தொகையியல், சமூகப்பணி, மனையியல், நாட்டுப்புற இலக்கியம், தமிழ் என எந்தப் பாடத்தில் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, அதாவது ஜேஆர்எஃப், பெற்றாலும் தலைப்பு குடும்பமாக இருக்கலாம். 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டுக்குப் பின் முதுநிலை எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. நெட் கைகூடாதவர்களுக்கு 1969-ல் தோன்றிய இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎஸ்எஸ்ஆர், முனைவர் பட்ட உதவித்தொகையும் ஆசிரியர்களுக்கான சிறு, பெரு திட்டங்களும் தருகிறது. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தனித் தகுதித் தேர்வு உண்டு. களவையும் கற்பையும் சங்க நூல்களில் ஆராய்கிறவர் செம்மொழி நிறுவனத்தைப் பார்க்கலாம். பட்டியலினத்தவருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தேசிய உதவித்தொகைகள் உண்டு. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022–23 முதல் நிறுத்தப்பட்டது. கணவன் வளைகுடாவில், மனைவி கடையநல்லூரில் என்று வாழும் குடும்பங்களைப் பற்றி அவ்வீட்டுப் பெண்ணே எழுத இருந்த ஒரு வழி அடைபட்டது என்று நான் வருத்தத்தோடு பார்க்கிறேன்.

வெளிநாட்டில் வென்னர்-கிரென் அறக்கட்டளையை மட்டும் சொல்கிறேன். 1941-ல் நியூயார்க்கில் தொடங்கியது, எலக்ட்ரோலக்ஸ் கம்பெனியை வளர்த்த சுவீடன்காரரின் பணம். மானிடவியல் களப்பணிக்கு 25,000 டாலர் வரை தருகிறது. எந்த நாட்டவரும் கேட்கலாம். சங்கரன்கோவிலிலிருந்து ஏன் ஒருவர் கேட்கக் கூடாது? பணமே இல்லாமல் செய்யவும் வழி உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழகமும் டெல்லியின் என்சிஏஇஆர் நிறுவனமும் 2004–05-லும் 2011–12-லும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களில் எடுத்த கணக்கெடுப்பின் தரவுகள் இலவசம். உங்கள் கணவரைத் தேர்ந்தெடுத்தது யார், கல்யாணத்துக்கு முன் அவரை எவ்வளவு நாளாகத் தெரியும் என்றெல்லாம் அதில் கேட்டிருக்கிறார்கள்.

இந்தத் திட்டங்களின் விதிகளுக்குள்ளேயே குடும்பம் உட்கார்ந்திருப்பதை யாராவது ஆராயலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-ல் சாவித்ரிபாய் புலே பெயரில் அறிவித்த உதவித்தொகை வீட்டுக்கு ஒரே மகளாகப் பிறந்தவருக்கு. தம்பி இருந்தால் கிடையாது. முனைவர் பட்ட விதிகளில் பெண்களுக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு, இரண்டாண்டு கூடுதல் அவகாசமும் உண்டு. நல்ல விதிகள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண் தன் ஆய்வுத் தரவுகளைப் புதிய பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது. அதன் வாலைப் படியுங்கள்: அந்த ஆய்வு, நிறுவனத்துக்கோ நெறியாளருக்கோ யாரேனும் நிதி கொடுத்த திட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. அதாவது பணம் வந்த ஆய்வு பிறந்த வீட்டிலேயே தங்கிவிட வேண்டும். பணம் வராத ஆய்வு பெண்ணோடு புகுந்த வீடு போகலாம். இதை எழுதியவர்கள் சிரிக்காமல்தான் எழுதியிருக்க வேண்டும். திட்டத்தில் சேரும் மாணவிகள் முதல் நாளே நெறியாளரிடம் இதைப் பேசி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஜேஆர்எஃப் வாங்கும் கலைப் பிரிவு மாணவருக்குச் செலவுப் பணம் முதல் இரண்டாண்டு வருடத்துக்கு 10,000 ரூபாய். அதில் பஸ், ஜெராக்ஸ், ஒலிப்பதிவுக் கருவி எல்லாம் அடக்கம். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்கப் பழகிய கைக்கே ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அதற்குக் கூலி கொடுத்தால் பணம் ஒரு மாதம் தாங்காது. அதனால்தான் நம் ஆய்வேடுகள் நூறு பேருக்கு வினாநிரல் கொடுத்து, சதவீதம் போட்டு முடிந்துவிடுகின்றன. மாணவர் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது.

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஓர் ஆவணக் காப்பகம் பெட்டிக்குள் கிடக்கிறது. மொய் நோட்டைச் சொல்கிறேன். சில வீடுகளில் சுருள் கணக்கு என்பார்கள். நீளவாட்டு நோட்டு, அட்டையின் நாலு மூலையிலும் மஞ்சள், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. முதல் வரி பெரும்பாலும் தாய்மாமனுடையது. பணத்தோடு மோதிரமோ செயினோ எழுதியிருக்கும். பிறகு ஊரும் பேரும்: கரிவலம்வந்தநல்லூர், திருவேங்கடம், குருவிகுளம், சேர்ந்தமரம், பனவடலிசத்திரம். நடுநடுவே திருப்பூர், பம்பாய். 11, 51, 101, 501 என்று தொகை ஏறும். ஓரத்தில் வேறு மையில் ஒரு டிக் இருந்தால் அந்த மொய்யைத் திருப்பிச் செய்தாகிவிட்டது என்று பொருள். பெண்கள் பெயரில் மொய் எப்போது எழுதத் தொடங்கினார்கள்? சாதிப் பட்டம் எந்த ஆண்டோடு நோட்டில் மறைகிறது, மறைகிறதா? விசைத்தறி முதலாளி தறிக்காரர் வீட்டுக்கு எவ்வளவு செய்தார், தறிக்காரர் முதலாளி வீட்டுக்கு எவ்வளவு? தகராறாகிப் பேச்சு நின்ற குடும்பம் எந்தக் கல்யாணத்தில் நோட்டிலிருந்து காணாமல் போகிறது, எந்தச் சாவுக்குப் பின் திரும்ப வருகிறது? ஒரு வீட்டின் நாலு தலைமுறை நோட்டுகளை அடுக்கினால், ஆந்தனி குட் பிரித்த அந்த மூன்றாவது அடுக்கு, சொன்னதல்ல செய்தது, மை காயாமல் தெரியும். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது இவை பழைய பேப்பர்காரரிடம் போய்க்கொண்டிருக்கின்றன. இவற்றை ஸ்கேன் எடுத்து வைக்க எந்த டெல்லி நிறுவனமும் வரப்போவதில்லை.

நோட்டைத் திறப்பதில் ஆபத்தும் உண்டு. யார் யாருக்கு முறை என்ற பட்டியல் தவறான கையில் கிடைத்தால், சாதி தாண்டி மணந்தவர்கள் ஒளிந்திருக்கும் ஊரும் வீடும் தெரிந்துவிடும். ஆணவக் கொலைகள் நம் மாவட்டங்களுக்கு அயலூர்ச் செய்தி இல்லை. அவற்றைத் தடுக்கும் சட்டத்தைப் பரிந்துரைக்க 2025 அக்டோபரில் ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் தமிழக அரசு ஓர் ஆணையத்தை அறிவிக்கும் நிலைக்கு வந்தோம். தஞ்சாவூர்ப் பக்கத்தை ஆராய்ந்த கேத்லீன் கௌ தன் கிராமத்துக்குக் கும்பபேட்டை என்றும், ஆந்த்ரே பெத்தேய் தன் கிராமத்துக்கு ஸ்ரீபுரம் என்றும் பெயர் மாற்றி வைத்தது அழகுக்காக இல்லை. பெயரை நீக்கி, ஊரை மாற்றி, வீட்டாரின் சம்மதத்தைத் தமிழில் எழுதி வாங்கி, வேண்டாம் என்றால் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு வரத் தெரிந்தவருக்குத்தான் பணம் தர வேண்டும்.

அரசே கல்யாணப் பணத்தைப் படிப்புப் பணமாக மாற்றிய கதை நம் கண்முன் நடந்திருக்கிறது. 1989-ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவி தொடங்கியது. பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-ல் அதே பெயரில் அது உயர்கல்வி உறுதித் திட்டமாயிற்று. புதுமைப்பெண் என்று மாதம் 1,000 ரூபாய் மாணவியின் கணக்கில் விழுகிறது. முன்பு பெண்ணின் படிப்பு கல்யாண உதவிக்கு நிபந்தனை, இப்போது கல்யாணம் தள்ளிப்போவதற்குப் படிப்பு காரணம். வீட்டில் பேச்சு எப்படி மாறியது? அந்த ஆயிரத்தை யார் எடுக்கிறார்கள்? பெண் பார்க்க வருகிறவர்கள் இதை விசாரிக்கிறார்களா? இதற்கு விடை சொல்லத் தகுதியானவர்கள் இந்த அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அறக்கட்டளைக் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஐந்து லட்சம் முதல் இருக்கிறது, ஏழு சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 35,000 ரூபாய். பொன்னாடை, நினைவுப் பரிசு, பிளக்ஸ், சிற்றுண்டி, என் போன்றவரின் வழிச்செலவு என்று அது ஒரே சாயங்காலத்தில் கரைகிறது. பேச்சை ஓராண்டு விட்டு ஓராண்டு வைத்தால் போதும். யாரும் குறைந்துபோக மாட்டார்கள். பேச்சில்லாத ஆண்டின் வட்டியை ஒரு மாணவிக்குக் களப்பணிக்கென்று கொடுங்கள். விண்ணப்பம் தமிழில் இரண்டு பக்கம் போதும்: எந்த ஊர், எந்தக் கேள்வி, எத்தனை வீடு, ஏன் இவள். பாதிப் பணத்தை முதலில் கொடுங்கள், மீதியை ஸ்கேன் பிரதிகளும் ஒலிப்பதிவும் கல்லூரி நூலகத்தில் வந்து சேர்ந்த பிறகு. வீட்டு நோட்டுகளைத் தரச் சம்மதிக்கும் குடும்பங்கள் இன்றே பெயர் கொடுக்கலாம். அறக்கட்டளைக் குடும்பத்து நோட்டில் தொடங்கினால் மற்றவர்கள் தயங்க மாட்டார்கள்.